ஒரு பஸ் திரும்ப எட்டு நிமிடம்

ஏப்ரல் 27

அண்ணா,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. நான்கு அழைப்புகளைக் கணக்கெடுத்துத்தான் சொல்கிறேன். சராசரி இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. ஆகவே, "இனிமே எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு, நிதானமா படிச்சுட்டுக் கோவப்பட்டுக்கறேன்" என்று நீ போட்ட நிபந்தனையை ஏற்று எழுதுகிறேன்.

அப்பாவோடு தினமும் சாயங்காலம் பேசுகிறேன். "எப்படிப்பா இருக்கீங்க?" என்றால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்கிறார். சிறுநீரகத்தில் கல் எடுத்த மறுநாளும் அதைத்தான் சொன்னார். எடுப்பதற்கு முந்தின நாள், வலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அதைத்தான் சொன்னார். அதனால் அவரைப் பற்றிய உண்மைக்கு உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

என் அறை விடுதியின் மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். அங்கே ஒருவர் தினமும் ஆறு மணிக்குப் பல் தேய்க்கிறார். இதுவரை என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. வாயில் நுரையோடு சிரிப்பது கடினம் என்பதால் ஊரைப் பற்றி நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

வேலை செய்யும் இடம், நகரப் பேருந்துக் கழகத்தின் அட்டவணைப் பிரிவு. டிப்போவுக்கு மேல் மாடி. அறுநூறு பஸ்கள் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற இடம். அவை அங்கே இருக்கின்றனவா என்று பார்ப்பது வேறு பிரிவு. கணக்கு படிக்கிற பெண் என்பதால் 'மேம்பாட்டுப் பயிற்சி மாணவி' என்று அட்டை எழுதி எட்டு வாரத்துக்கு என் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். மேம்பட வேண்டியது யார் என்று அட்டையில் இல்லை.

பிரிவின் தலைவி ஒரு நெட்டை அம்மாள். வயது ஐம்பத்தேழு. டிரைவர்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. அவருக்கும் தெரியும். கையில் கடிகாரம் கட்டுவதில்லை. முதல் நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "மேடம், நீங்க வாட்ச் கட்டலையே?" என்று கேட்டேன்.

"கட்டினா பார்க்கத் தோணும். பார்த்தா சந்தேகம் வரும்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பாமலே, "பத்து இருபத்தஞ்சு. டீ வரும்" என்றார். டீ வந்தது.

பந்தா என்று நினைத்தேன். இன்னும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

தங்கை


மே 2

பட்டணத்து அம்மணிக்கு,

கடிதம் கிடைத்தது. டீ நேரத்துக்கு வருவதை அதிசயம் என்று எழுதியிருக்கிறாய். இங்கே டீ நான் போட்டால் வரும்.

அப்பா பற்றிய உண்மை: உப்பில்லாமல் சமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்வார்கள். நம் வீட்டில் குப்பைக்குப் போவதில்லை, எனக்கு வருகிறது. அவர் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, "நீ வளர்ற பிள்ளை, சாப்பிடு" என்கிறார். எனக்கு முப்பது வயது. அம்மா இருந்திருந்தால் அவரை ஒரு பார்வையில் சாப்பிட வைத்திருப்பாள். நான் பார்த்தால், "என்னடா கண்ணுல தூசியா?" என்கிறார். நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு டம்ளருக்கு ஒரு பஞ்சாயத்து.

டிரைவிங் ஸ்கூல் நடக்கிறது. இந்த மாதம் ஒரு வங்கி மேலாளர் சேர்ந்திருக்கிறார். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். கேட்டால், "பின்னாடிதானே போறோம், முன்னாடி பார்த்து என்ன ஆகப்போகுது?" என்கிறார். இவரிடம்தான் ஊரே பணத்தைக் கொடுத்து வைத்திருக்கிறது.

எனக்குக் கோபம் ஏன் என்று உனக்குத் தெரியாதது மாதிரி எழுதுகிறாய். கனரக வண்டிப் பயிற்றுநர் படிப்புக்கு இடம் கிடைத்து மே மாதம் போக இருந்தவன் நான். பஸ், லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தகுதி அது. இல்லையென்றால் கடைசி வரை வங்கி மேலாளர்கள்தான். அப்பாவை ஒரு மாதம் நீ பார்த்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ பெட்டியைக் கட்டினாய். அடுத்த சேர்க்கை ஜூன் இருபது. அதையும் விட்டால் அடுத்த வருடம்.

எப்போது வருகிறாய் என்று எழுது. மணிக்கூண்டு எத்தனை அடி உயரம் என்பது எனக்குத் தேவையில்லை.

அண்ணன்


மே 8

அண்ணா,

பயிற்சி ஜூன் பதினான்கு வரை. அதற்கு முன்னால் வர முடியாது. இதற்கு நீ கோபப்படுவாய் என்பதால் ஒரு வரி இடம் விடுகிறேன்.

இனி மணிக்கூண்டு. உனக்குத் தேவையில்லை என்றாலும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாதி பந்தா என்று எழுதினேன் அல்லவா, அதைத் திரும்பப் பெறுகிறேன். செவ்வாய்க்கிழமை என்னைப் பதினேழாம் தடத்தில் கூட்டிக்கொண்டு போனார். மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தடத்திலும் ஏறி, டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புகிறார். இருபத்திரண்டு வருடமாக. மடியில் ஒரு நோட்டு. ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு முப்பத்தைந்து நொடி கூடுதலாகப் போட்டிருக்கிறார். "வர்றவங்க மெதுவா இறங்குவாங்க, போறவங்க அதைவிட மெதுவா ஏறுவாங்க." பள்ளிக்கூட நிறுத்தத்துக்குக் காலையில் ஐம்பது நொடி, மாலையில் இருபது. ஏன் என்று கேட்டேன். "காலையில எந்தப் பிள்ளைக்கு இறங்க மனசு வரும்? சாயங்காலம் ஒரே பாய்ச்சல்." சந்தைக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அதற்கு நான்கு நொடி. மழைக்காலத்தில் ஏழு.

யோசித்துப் பார். பல லட்சம் பேர் பஸ் நேரத்துக்கு வருகிறது என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு நோட்டுமாக இந்த அம்மாள் அவர்கள் ஒவ்வொருவரின் முழங்கால் வலியையும் நொடியாக மாற்றி எழுதி வைத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நான் மூன்று வருடமாகப் படிக்கும் கணக்கு இவ்வளவு மரியாதையாக யாரிடமும் நடந்துகொண்டு பார்த்ததில்லை.

ஒன்றே ஒன்றுதான் புரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் பஸ் திரும்புவதற்கு எட்டு நிமிடம் கொடுத்திருக்கிறார். கட்டத்தின் தலைப்பில் 'திருப்ப நேரம்' என்று இருக்கிறது. நான் அளந்து பார்த்தேன். திரும்ப இரண்டு நிமிடம் போதும். "எட்டு நிமிஷமா மேடம்? கப்பலா திருப்புறோம்?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "திருப்ப நேரம்மா, இருக்கட்டும்" என்றார். நொடி நொடியாகக் காரணம் சொல்கிறவர் இதற்கு மட்டும் சொல்லவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கை


மே 15

அண்ணா,

மகிழ்ச்சியான செய்தி, நாசூக்கில்லாமல் சொல்கிறேன்: எனக்கு வேலை கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

அந்த எட்டு நிமிடம் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. எல்லாத் தடங்களையும் கணினியில் போட்டுப் பார்த்தேன். இரண்டு முனையிலும் எட்டெட்டு. தேவை இரண்டிரண்டு. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம் பஸ் சும்மா நிற்கிறது. அதைக் கழித்தால் தொண்ணூற்றாறு நிமிடச் சுற்று எண்பத்து நான்காகிறது. எட்டு பஸ் ஓடும் தடத்தில் ஏழு போதும். இந்த டிப்போவில் மட்டும் நான்கு பஸ் மிச்சம்! ஒன்பது பக்கம் எழுதி, வண்ணப் படங்கள் போட்டு, நேராக இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன்.

இயக்குநர் கண்ணாடி அறையில் இருப்பவர். 'செயல்திறன்' என்ற சொல் அவருக்கு மிகவும் பிடிக்கும். தும்மினால்கூட அது முடிந்ததும் கொஞ்சம் செயல்திறன் கூடிய மாதிரி நிமிர்ந்து உட்காருவார். என் ஒன்பது பக்கத்தைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படலையே! புதுக் கண்ணு வேணும்மா நமக்கு. படிப்பை முடிச்சுட்டு நேரா இங்க வந்துடு" என்றார். ஜூன் ஒன்றாம் தேதி பதினேழாம் தடத்தில் புது அட்டவணை. பதினைந்திலிருந்து மற்றவை.

மணிக்கூண்டைத் தாண்டிப் போனது சரியா என்று ஒரு உறுத்தல் இருந்தது. அறிக்கை அவர் மேஜைக்கு வந்தபோது நான் அலமாரிக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். எதையும் தொலைக்கவில்லை.

அவர் ஒன்பது பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். பென்சில் எடுத்தார். என்னைக் கூப்பிட்டார்.

"கணக்கு தப்பும்மா."

நான் குனிந்து பென்சில் முனை நின்ற இடத்தைப் பார்த்தேன்.

"நாலு இல்லை, அஞ்சு. ஒன்பதாம் தடத்துலயும் ஒரு பஸ் மிச்சமாகுது. நீ விட்டுட்ட" என்றார். ஆறாம் பக்கத்தில் திருத்தினார். கையெழுத்துப் போட்டார். "போய்க் கொடுத்துட்டு வா."

அவ்வளவுதான். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. தன் அட்டவணையை வெட்டும் கத்தியில் மொக்கையாக இருந்த இடத்தைத் தானே தீட்டிக் கொடுத்தார். எனக்கு ஏன் மகிழ்ச்சி முழுதாக வரவில்லை என்று தெரியவில்லை. நீயாவது பாராட்டு.

தங்கை


மே 16

தங்கைக்கு,

உன் எட்டாம் தேதிக் கடிதம் வந்து நாளாயிற்று. அதற்கப்புறம் எழுதியிருந்தால் இன்னும் கையில் கிடைக்கவில்லை. ஒரு வரி இடம் விட்டதற்கு நன்றி; எனக்கு ஒரு பக்கம் வேண்டியிருந்தது. ஆனால் மணிக்கூண்டு கதையை இரண்டு தடவை படித்தேன் என்பதை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூட நிறுத்தத்து ஐம்பது நொடி நன்றாக இருக்கிறது. என் வங்கி மேலாளரும் காலையில் காரிலிருந்து இறங்க அவ்வளவு நேரம்தான் எடுக்கிறார்.

நேற்று அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இடது சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறதாம். டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகக் கேட்டார்.

"தண்ணி குடிக்கிற பழக்கமே இல்லையா உங்களுக்கு?"

"குடிச்சா போகணுமே டாக்டர்."

"போக வேண்டியதுதானே?"

"பஸ்ஸை யாரு பார்த்துக்கிறது?"

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர் என்பது தெரியாததால் டாக்டருக்குப் புரியவில்லை. "வேலை நாள்ல எத்தனை தடவை போவீங்க?" என்றார்.

"கிளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு. வீட்டுக்கு வந்து ஒண்ணு."

"நடுவுல?"

"நடுவுல பஸ் ஸ்டாண்டுல வண்டியைத் திருப்பினா உடனே எடுக்கணும். நேரம் கிடையாது. கக்கூஸ் அந்தக் கோடியில. போயிட்டு வர்றதுக்குள்ள விசில் அடிச்சிருவாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை வருஷம்?"

"முப்பத்தொண்ணு" என்றார் அப்பா, ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்பார்கள். அப்பா முப்பத்தொரு வருடம் அந்தப் பழமொழியைப் பொய்யாக்கியிருக்கிறார். ஆத்திரத்தையும் சேர்த்துத்தான் அடக்கியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அது எந்த ஸ்கேனிலும் தெரியவில்லை. காலை நாலு மணிக்கு எழுந்து அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போவது உனக்கு நினைவிருக்கிறதா? குடிக்க மாட்டார். சுத்தக்காரர் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதை நீ போனில் கேட்டால், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன்


மே 20

அண்ணா,

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஏதோ ஒரு தபால் வண்டியில் எதிரெதிரே போயிருக்கும். என்னுடையதை நீ இப்போது படித்திருப்பாய். பாராட்டச் சொல்லிக் கேட்டிருந்தேன். வேண்டாம்.

உன் கடிதத்தை மேஜையில் வைத்துப் படித்தேன். படித்து முடித்தபோது மணிக்கூண்டு எதிரில் இருந்தார். "மேடம், அந்த ஆறு நிமிஷம்..." என்று ஆரம்பித்தேன்.

"போக ரெண்டு, வர ரெண்டு, நடுவுல ரெண்டு" என்றார். "நானே நடந்து பார்த்துத்தான் போட்டேன். முதல்ல அஞ்சுதான் வெச்சிருந்தேன். பொண்ணுங்க கண்டக்டரா வந்ததும் ஆறாக்கினேன்."

"எழுதி வெச்சிருக்கலாமே மேடம்?"

"எழுதினேனே. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி. அப்ப இருந்த இயக்குநர், 'இயற்கை உபாதை கழக விதியில் இல்லை'ன்னு சிவப்பு மையில எழுதித் திருப்பி அனுப்பினார். சரி, பஸ் திரும்புறது விதியில இருக்கேன்னு அங்க கொண்டு போய் வெச்சேன். டிரைவருங்களுக்குத் தெரியும். அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க."

"நான் கேட்டப்ப என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான். வர்ற செப்டம்பர்ல ரிடயர் ஆகறேன். நான் போனப்புறம் யாராவது கண்டுபிடிச்சுடுவாங்கன்னு எனக்குப் பயம் இருந்துச்சு. நீ தடத்துல ஏறின எட்டே நாள்ல கண்டுபிடிச்ச. அப்ப நான் நல்லா ஒளிச்சு வெக்கலைன்னுதானே அர்த்தம்?"

"அப்புறம் ஏன் மேடம் அஞ்சாவது பஸ்ஸைத் திருத்தினீங்க?"

என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "தப்பா இருந்துச்சேம்மா."

இந்தப் பெண்மணிக்கு யானையை உவமை சொன்னேன், சறுக்கும் என்று. சறுக்கியது எது என்று உனக்கே தெரியும்.

இயக்குநரிடம் ஓடினேன். அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "அதெப்படிம்மா? மேலிடத்துக்கு அனுப்பியாச்சே. பாராட்டியிருக்காங்களே" என்றார். காரணத்தை எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார். எழுதினேன். அப்பாவைப் பற்றியும் எழுதினேன். முதல் வரியில் 'சிறுநீர்' என்ற சொல்லைப் பார்த்ததும் காகிதத்தை விரல் நுனியால் தள்ளினார். "இது அலுவலகக் கோப்பும்மா" என்றார். கோப்புக்கு அந்த உபாதை வராது என்பது உண்மைதான்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். நான் வண்ணப் படம் போட்டு ஊதினேன். புது அட்டவணைக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பதினேழாம் தடத்து டிரைவர் ஒருவர் இன்று படியில் எதிர்ப்பட்டு, "வணக்கம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

தங்கை


மே 24

தங்கைக்கு,

இரண்டு கடிதங்களையும் படித்தேன். முதல் கடிதத்துக்கு எழுத நினைத்ததை இரண்டாவது கடிதத்தில் நீயே எழுதிவிட்டாய். எனக்கு வேலை மிச்சம். ஒரு பஸ் மிச்சமானது மாதிரி.

எட்டு வருடம் வண்டி சொல்லிக் கொடுத்ததில் ஒன்று தெரிந்துகொண்டிருக்கிறேன். பிரேக்கைப் பற்றிப் பேசிப் புரியவைக்க யாராலும் முடியாது. வங்கி மேலாளருக்கு மூன்று வாரம் வாயால் சொன்னேன். நேற்று கண்ணை மூடிக்கொண்டு தன் சொந்தக் கேட்டிலேயே இடித்தார். இன்று கண்ணைத் திறந்து வைத்திருக்கிறார். கேட்டுக்கு வலி, எனக்கு நிம்மதி.

உன் இயக்குநர் எப்போதாவது பஸ்ஸில் போயிருக்கிறாரா? கேட்டுப் பார். புது அட்டவணையைத் தொடங்கி வைக்க ஒரு பெரிய மனிதர் வேண்டாமா? போட்டோக்காரர் வேண்டாமா? வெயில் காலம், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டர்களே சொல்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரன், எனக்கென்ன தெரியும்.

அப்பாவிடம் ஒரு விஷயத்தை மறைத்தால் அவருக்குப் பதினோரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. உன் கடிதங்களை முதலிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினேன். என்னைப் பற்றி எழுதியவற்றை விட்டுவிட்டேன். உன் அறிக்கையைக் கேட்டுக் கோபப்படுவார் என்று நினைத்தேன். "கணக்கு சரியாத்தானே போட்டிருக்கா?" என்றார். பிறகு படுக்கப் போகும்போது, "ஆறு நிமிஷமா? முழுசா ஆறா?" என்று கேட்டார். ஏதோ ஊரில் எல்லார் வீட்டிலும் யானை இருக்கிறது என்று கேள்விப்பட்டவர் மாதிரி.

அந்த அம்மாளை எனக்கும் பிடித்திருக்கிறது என்று எழுதினால் நீ அலட்டிக்கொள்வாய். அதனால் எழுதவில்லை.

அண்ணன்


ஜூன் 3

அண்ணா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் சேர்க்கவில்லை, தேவைப்படவில்லை.

"சார், முதல் ஓட்டத்தை நீங்களே கூடப் போய்த் தொடங்கி வைக்கணும். முழு ஷிப்ட்" என்றேன். "கண்டிப்பாம்மா, களத்துல இறங்கினாத்தான் செயல்திறன்" என்றார். மணிக்கூண்டிடம் சொன்னேன். "நானும் வர்றேன். அட்டவணையை நாம ஏமாத்தக் கூடாது. ஒரு நொடி முன்னாடியோ பின்னாடியோ போகக் கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை" என்றார்.

ஜூன் ஒன்று, காலை ஆறு பத்துக்குப் பதினேழு கிளம்பியது. கொடி அசைத்தார்கள். இயக்குநருக்கு டிப்போ கேண்டீனில் ஒரு பெரிய டம்ளர் டீ கொடுத்தார்கள். நான் ஒன்று கொடுத்தேன், மரியாதைக்கு. ஏழு முப்பத்திரண்டுக்கு இன்னொன்று கொடுத்தேன். அது மரியாதை இல்லை. வெயில் ஏற ஏற அவரே ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தார்.

முதல் சுற்றில் பயணிகளிடம் பேசினார். இரண்டாம் சுற்றில் போட்டோக்காரரிடம் மட்டும் பேசினார். மூன்றாம் சுற்றில் யாரிடமும் பேசவில்லை. கால் மேல் கால் போட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தைக்கு முன்னால் வேகத்தடை வந்தது. மணிக்கூண்டு அதற்குக் கொடுத்த நான்கு நொடியை மனிதர் முழுதாக அனுபவித்தார்.

ஒன்பது முப்பத்தெட்டுக்குக் கடைசி நிறுத்தம். பஸ் நிற்பதற்குள் இறங்கிவிட்டார். அந்தக் கோடியை நோக்கி ஓட்டமும் இல்லாத நடையும் இல்லாத ஒன்றைச் செய்தார். டிரைவர் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். கண்ணாடியில் மணிக்கூண்டைப் பார்த்து, "அம்மா, சார் இன்னும்..." என்றார்.

மணிக்கூண்டு எந்தக் கடிகாரத்தையும் பார்க்கவில்லை. "ஒன்பது நாற்பது" என்றார்.

கிளம்பிவிட்டோம். பஸ்ஸில் போட்டோக்காரர் இருந்தார், கொடி இருந்தது, அவருடைய கைப்பெட்டி இருந்தது. பின்னால் தூரத்தில் ஒரு கை ஆடிக்கொண்டே சின்னதாகியது. பயணிகள் யாரோ வழியனுப்புகிறார் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த பஸ்ஸில், பன்னிரண்டு நிமிடம் கழித்து, நின்றுகொண்டே வந்தார்.

நேற்று சுற்றறிக்கை வந்தது. 'இயக்குநர் நேரில் மேற்கொண்ட கள ஆய்வின் அடிப்படையில், ஒவ்வொரு முனையிலும் ஆறு நிமிடம் பணியாளர் செயல்திறன் இடைவெளி இன்று முதல் விதியாக்கப்படுகிறது.' இந்த டிப்போவுக்கு மட்டுமில்லை, கழகம் முழுவதற்கும். கண்டுபிடித்தவர் அவர்தான். மணிக்கூண்டு அதை மூன்று தடவை படித்தார். அட்டவணையில் 'திருப்ப நேரம்: 8' என்று இருந்ததை அழித்து 2 என்று எழுதினார். பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு 6 என்று எழுதினார். இருபத்திரண்டு வருடம் ஒளித்து வைத்ததை வெளிச்சத்தில் எழுதும்போது ஆறு நன்றாக வரவில்லை. அழித்துவிட்டு இன்னொரு தடவை எழுதினார்.

எனக்கு வேலை தருவதாகச் சொன்னதை யாரும் மறுபடி சொல்லவில்லை. சான்றிதழில், 'கணக்கில் கூர்மை உண்டு. களப் பயணங்களை ஏற்பாடு செய்வதில் ஆர்வம் அளவுக்கு மீறியது' என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே உண்மை.

பதினான்காம் தேதி கிளம்புகிறேன். நீ இருபதாம் தேதி படிப்புக்குப் போ. அப்பாவும் தண்ணீரும் உப்பும் என் பொறுப்பு. பஸ் ஓட்டச் சொல்லிக் கொடுக்கும்போது தண்ணீர் குடிக்கவும் சேர்த்துச் சொல்லிக் கொடு.

மணிக்கூண்டு நான் வீடு வந்து சேரும் வழியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மூன்று பஸ், ஒரு ரயில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நான் கேட்காமலே ஆறு நிமிடம் கூடுதலாகப் போட்டிருக்கிறார். சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு வாசலில் இருப்பேன்.

தங்கை


ஜூன் 8

தங்கைக்கு,

நாலு பன்னிரண்டு. எழுதி வைத்துக்கொண்டேன். வங்கி மேலாளருக்கு அன்றைக்கு லைசென்ஸ் பரீட்சை. அவர் பாஸ் ஆனால் அவர் காரிலேயே உன்னை அழைத்து வருகிறேன். பெயில் ஆனால் நடந்து வா.

படிப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நன்றி என்று எழுத ஆரம்பித்து, மூன்றாவது நிமிடம் வந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன்.

உன் கடைசிக் கடிதத்தை அப்பாவுக்கு நான்கு தடவை படித்தேன். மூன்று தடவை அவர் கேட்டார், ஒரு தடவை நானாகவே படித்தேன். ஒன்பது நாற்பது வரும்போதெல்லாம் கட்டிலைத் தட்டிச் சிரித்தார். முடிந்ததும், "அந்த அம்மா நம்ம டிப்போல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அதை முடிக்கவில்லை. எழுந்து போய்த் தானாகவே ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பஞ்சாயத்து இல்லை.

இப்போது எனக்கு வேறு தொல்லை. முன்பெல்லாம் குளியலறைக்குப் போனால் கதவு மூடிய சத்தமும் திறந்த சத்தமும் ஒன்றாகக் கேட்கும்; யாரோ விசில் அடிக்கப் போகிறார்கள் என்கிற மாதிரி ஓடி வருவார். இன்று காலை எனக்கு அவசரம். வங்கி மேலாளர் வாசலில் ஹாரன் அடிக்கிறார். கதவைத் தட்டினேன்.

"அப்பா, நேரமாச்சுப்பா!"

உள்ளேயிருந்து நிதானமாகக் குரல் வந்தது.

"திருப்ப நேரம்டா. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

அண்ணன்